கல்லில் வெட்டிய ரசீது

போன செமஸ்டரில் எனக்கு வாய்த்த செமினார் தலைப்பு, கடல் காப்பீடு. வகுப்பில் யாரும் சீண்டாத தலைப்பு அது. ஜி.எஸ்.டி., மியூச்சுவல் ஃபண்டு, ஷேர் மார்க்கெட் என்று நல்ல நல்ல தலைப்புகளை எல்லாம் மற்றவர்கள் தட்டிக்கொண்டு போய்விட, "நீ தூத்துக்குடிக்காரன்தானே? கப்பல் எல்லாம் உனக்குத்தான் தெரியும்" என்று சொல்லி மேடம் இதை என் தலையில் கட்டிவிட்டார். தூத்துக்குடியில் பிறந்தவன் எல்லாம் வ.உ.சி.யிடம் வேலை பார்த்தவன் என்ற நினைப்பு போலிருக்கிறது.

சரி, வந்தது வந்தாயிற்று என்று போர்க்கால ஆபத்துகள் பற்றி நோட்ஸ் எடுக்க உட்கார்ந்தேன். வங்காள விரிகுடாவில் நடந்த பழைய கப்பல் சண்டைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இருக்கும் ஒரு பளிங்கு நினைவுச் சின்னம். இளம் அதிகாரி ஒருவர் சரிந்து விழுகிறார், ஒரு மாலுமி அவரைத் தாங்கிப் பிடிக்கிறான். செய்தவர் ஜான் பேகன், அதாவது அதே பெயர் கொண்ட சிற்பியின் மகன். இந்த மாதிரிச் சிலைகள் அந்த ஆலயம் முழுக்க இருக்கின்றன என்பதால் தாண்டிப் போயிருப்பேன். கீழே வெட்டியிருந்த எழுத்துகளைப் படித்துவிட்டுத்தான் நின்றேன்.

அந்த அதிகாரியின் பெயர் கேப்டன் எட்வர்ட் குக். (ஆஸ்திரேலியா போன ஜேம்ஸ் குக் வேறு. நானும் முதலில் குழம்பினேன்.) 1799 மார்ச் 1ஆம் தேதி வங்காள விரிகுடாவில் தன்னைவிடப் பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றைப் பிடித்தவர், அந்தச் சண்டையில் பட்ட காயத்தால் மே 23ஆம் தேதி இறந்தார், வயது 26 என்கிறது கல்வெட்டு. இதுவரை வழக்கமான சங்கதி. ஆனால் அதை வைத்தது ராஜா இல்லை, பாராளுமன்றம் இல்லை, பெற்றோரும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி! நன்றிக்கு என்ன காரணம் என்பதையும் எழுதியிருக்கிறார்கள். அந்த வெற்றி, சாதனை என்ற வகையில் எவ்வளவு சிறப்போ, இந்தியாவில் பிரிட்டிஷ் வியாபாரத்துக்கு அதனால் விளைந்த பலனும் அவ்வளவு முக்கியம் என்று.

ஒரு ஆலயத்துக்குள், சாமி இருக்கிற இடத்தில், செத்துப்போன ஒருவனின் கல்லில் 'வியாபாரம்' என்ற வார்த்தை. மூன்று வருஷமாக டெபிட், கிரெடிட் என்று படித்துக்கொண்டிருக்கிற எனக்கு அது நினைவுச் சின்னமாகவே தெரியவில்லை. 'சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது, நன்றி' என்று கொடுத்த ரசீது மாதிரி இருந்தது.

இனி அந்தச் சண்டையின் கதைக்கு வருவோம். சினிமாவுக்குக் குறையாத கதை.

1790களின் கடைசியில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டை. அப்போது மொரீஷியஸ் தீவு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. (1810ல்தான் ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்தார்கள்.) அங்கிருந்து பிரெஞ்சுக் கப்பல்கள் கிளம்பி வந்து நம் பக்கத்துக் கடலில் ஆங்கிலேய வியாபாரக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டு போகும். ராபர்ட் சர்கூஃப் என்ற தனியார் கொள்ளைக் கப்பல் கேப்டன் 1796ல் 'டிரைட்டன்' கப்பலையும், 1800ல் 'கென்ட்' கப்பலையும் பிடித்தது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. அவர்களுக்குப் பிடித்தமான இடம் ஹூக்ளி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம், பாலசோர் பக்கம். காரணம் எளிது. கல்கத்தா போகும் கப்பல் எதுவானாலும் ஆற்றுக்குள் வழிகாட்ட ஆள் வரும்வரை அங்கே காத்திருந்தாக வேண்டும். டோல்கேட்டில் நிற்கிற லாரிகள் மாதிரி. திருடனுக்கு அதைவிட வசதியான இடம் ஏது?

1799 தொடக்கத்தில் அங்கே வேட்டையாடிக்கொண்டிருந்தது 'ஃபோர்ட்' என்ற பிரெஞ்சு ஃப்ரிகேட். பெயருக்கு 'பலசாலி' என்று அர்த்தம். 24 பவுண்டு குண்டு எறியும் பீரங்கிகள் கொண்ட மிகப் பெரிய கப்பல். வரிசையாக வியாபாரக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதைத் தேடிப் போனதுதான் குக்கின் 'சிபில்'. எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம சென்னையிலிருந்து! 1799 பிப்ரவரி 19ஆம் தேதி. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி, அலையைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். நோயால் சிபிலில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். அதனால் தரைப்படைச் சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கவர்னர் ஜெனரல் மார்னிங்டன் பிரபுவின் ஏ.டி.சி. கேப்டன் டேவிஸ் என்பவரும் தானாக விரும்பி ஏறினார். அந்தச் சமயத்தில் மார்னிங்டன் சென்னையில் உட்கார்ந்து திப்பு சுல்தான் மீதான போரை நடத்திக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. சிபில் கப்பலே பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதுதான். 1794ல் கிரேக்கத் தீவு ஒன்றின் அருகே ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்துத் தங்கள் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். குக்கும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1798 ஜனவரியில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு ஸ்பெயின்காரர்களின் மணிலா துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து, விருந்தாளி மாதிரிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவர்களுடைய பீரங்கிப் படகுகளைச் சண்டையே இல்லாமல் பிடித்துக்கொண்டு வந்தவர்.

பிப்ரவரி 28 இரவு. தூரத்தில் வடமேற்கே பளிச் பளிச் என்று வெளிச்சம். முதலில் மின்னல் என்று நினைத்தார்களாம். உண்மையில் அது ஃபோர்ட் இரண்டு வியாபாரக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்த பீரங்கி வெளிச்சம். குக் விளக்குகளை அணைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் நெருங்கினார். பிரெஞ்சு கேப்டன் பார்த்தார். ஆனால், இதுவும் ஒரு வியாபாரக் கப்பல்தான், தானாக வந்து மாட்டுகிறது என்று நினைத்துவிட்டார். நள்ளிரவு தாண்டியதும் சிபில் அவருடைய கப்பலின் பின்பக்கத்துக்கு மிக அருகே வந்து மொத்தப் பீரங்கிகளையும் ஒரே நேரத்தில் முழங்கியது.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிலவொளியில் சண்டை. பிரெஞ்சுக் குண்டுகள் பெரும்பாலும் உயரமாகப் போய்ப் பாய்மரங்களைக் கிழித்தன. சிபிலின் குண்டுகள் கப்பலின் உடம்பிலேயே இறங்கின. பிரெஞ்சு கேப்டன் இறந்தார். ஃபோர்ட்டின் பாய்மரங்கள் எல்லாம் முறிந்து விழுந்தன. அந்தப் பக்கம் 65 பேர் சாவு, 80 பேர் காயம். சிபிலில் 5 பேர் சாவு, 17 பேர் காயம். இறந்தவர்களில் ஏ.டி.சி. டேவிஸ் ஒருவர். நடுச் சண்டையில் குக்குக்கும் பலத்த அடி. லெப்டினன்ட் ஹார்டிமேன் பொறுப்பை எடுத்துக்கொண்டு சண்டையை முடித்தார்.

குக்கைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். சாகவும் முடியாமல் பிழைக்கவும் முடியாமல் கிட்டத்தட்ட மூன்று மாதம். இடையில் மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது, திப்பு இறந்தார். அதற்கு 19 நாள் கழித்துக் குக்கும் இறந்தார். அவர் உயிரைக் கொடுத்துப் பிடித்த ஃபோர்ட் கப்பல், ஆங்கிலேயர் கடற்படையில் சேர்ந்து 1801ல் செங்கடலில் ஜித்தா அருகே தரைதட்டி உடைந்தது. இரண்டு வருஷம்கூடப் பயன்படவில்லை.

படித்து முடித்ததும் ஹாஸ்டல் ரூம்மேட்டிடம் இதைச் சொன்னேன். அவன் வரலாறு மாணவன். கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனைச் சுட்டுச் செத்தான். நம்ம ஊரைக் கொள்ளையடிச்ச கம்பெனி அவனுக்குக் கல்லு வெச்சான். இதுல நீ என்னடா ஃபீல் பண்றே?" என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1765ல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி வாங்கியது. அதன் பிறகு அங்கே வசூலித்த வரிப்பணத்தில் ஒரு பங்கை எடுத்து அங்கேயே சரக்கு வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பியது. அதாவது விற்கிறவனிடமிருந்தே வாங்குகிற காசையும் எடுத்துக்கொள்வது. எந்தப் பிசினஸ் ஸ்கூலிலும் சொல்லித் தராத மாடல். அந்த வங்காளத்தில்தான் 1770ல் கொடும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். அவர்களுக்கு எந்த ஆலயத்திலும் கல் இல்லை. குக் காப்பாற்றிய 'வியாபாரம்' என்பது இதுதான். அந்தப் பளிங்குக்குப் போன காசும் சுற்றி வளைத்துப் பார்த்தால் எந்த ஊர் உழவன் கட்டிய வரியோ!

வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கம்பெனி வைத்த கல் இது ஒன்று மட்டும் இல்லை. மேஜர் ஜெனரல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸுக்கு வைத்த நினைவுச் சின்னத்தில் நம் திருச்சிராப்பள்ளிக் காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வந்தவாசிச் சண்டையில் 1760ல் ஜெயித்த அயர் கூட்டுக்கும் ஒன்று உண்டு. நம் ஊர்கள் எல்லாம் அங்கே சுவரில் பளிங்காக இருக்கின்றன. டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கலாம்.

ஆனாலும் எனக்கு அந்தக் கல்மீது ஒரு விசித்திரமான மரியாதை வந்தது. சுற்றி இருக்கிற கல்லெல்லாம் நாடு, மானம், வீரம், ஆண்டவன் என்று பேசும்போது, இது ஒன்றாவது உண்மையைச் சொல்கிறது. 'எங்கள் வியாபாரத்துக்காகச் செத்தான்' என்று.

காமர்ஸ் கண்ணோடு பாருங்கள். குக் கம்பெனி ஊழியர் இல்லை, அரசாங்கக் கடற்படை அதிகாரி. சம்பளம் கொடுத்தது அரசாங்கம். பலன் கிடைத்தது கம்பெனிக்கும் மற்ற வியாபாரிகளுக்கும். எதிரிக் கப்பல் ஒன்று ஒழிந்தால் கடல்வழியில் ஆபத்து குறைகிறது. ஆபத்து குறைந்தால் காப்பீட்டு பிரீமியத்தை ஏற்றிவைக்கக் காரணமும் குறைகிறது. காசு கொடுக்காமல் கிடைத்த பாதுகாப்புக்கு, கடைசியில் ஒரு கல்லாகக் கணக்கு தீர்த்தார்கள்.

குக்கையும் ஒரேயடியாகத் தியாகி ஆக்க வேண்டாம். பிடித்த கப்பலின் விலையில் பங்கு போடுவது அன்றைய கடற்படை வழக்கம். 1808 வரை எட்டில் மூன்று பங்கு கேப்டனுக்கு, அதில் ஒரு பங்கு அவருக்கு மேலே இருக்கும் அட்மிரலுக்குப் போகும். சாதாரண மாலுமிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து எட்டில் இரண்டு பங்கு. ஆக அந்த இரவில் எல்லோருக்குமே கொஞ்சம் கணக்கு இருந்திருக்கும். உயிரும் இருந்தது.

இப்படிக் கடலில் ஒற்றைக் கப்பல் வந்து மொத்த வியாபாரத்தையும் நடுங்க வைத்ததை நாமும் பார்த்திருக்கிறோம். 1914 செப்டம்பரில் ஜெர்மனியின் 'எம்டன்' இதே வங்காள விரிகுடாவில் வியாபாரக் கப்பல்களை வரிசையாகப் பிடித்து மூழ்கடித்தது. செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியே வரப் பயந்தன. காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. இன்றைக்கும் சாமர்த்தியக்காரனை "அவன் சரியான எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன்தான். 115 வருஷ இடைவெளியில் அதே கடல், அதே வித்தை.

இவ்வளவையும் செமினாருக்கு எழுதி முடித்து, கடைசியாக 'ஜெனரல் ஆவரேஜ்' என்ற விதிக்கு வந்தேன். புயலில் கப்பல் மூழ்கப்போகிறது. பாரத்தைக் குறைக்க ஒருவருடைய சரக்கைக் கடலில் எறிகிறார்கள். மற்றவர் சரக்கும் கப்பலும் பிழைக்கின்றன. எறியப்பட்ட சரக்கின் நஷ்டத்தை, பிழைத்தவர்கள் எல்லோரும் அவரவர் மதிப்புக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மிகப் பழைய விதி, மிக நியாயமான விதி. கப்பலுக்கு மதிப்பு உண்டு, சரக்குக்கு மதிப்பு உண்டு, சரக்கு ஏற்றும் கூலிக்கு மதிப்பு உண்டு. பிழைத்த மனித உயிர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. உயிருக்கு விலை போட முடியாது என்பதால் அப்படி என்று சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்னொரு பழைய ஆங்கிலேயச் சட்டமும் இருந்தது. கப்பல் சரக்கைக் கொண்டுசேர்த்துக் கூலி சம்பாதித்தால்தான் மாலுமிக்குச் சம்பளம். கப்பல் மூழ்கினால் சம்பளமும் மூழ்கும். அந்தச் சம்பளத்தை மாலுமி இன்சூர் செய்யவும் கூடாது. செய்தால் கப்பலைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்துப் பாடுபட மாட்டானாம்! 1854ல்தான் இங்கிலாந்தில் சம்பள விதியை மாற்றினார்கள்.

இதை டைப் செய்துகொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது.

என் தாத்தா தோணியில் தண்டல். அதாவது பாய்மரத் தோணிக்கு கேப்டன். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயம், மிளகாய் வற்றல் ஏற்றிக்கொண்டு போவார். 1970களில் ஒரு பயணத்தில் காற்றிலும் மழையிலும் மாட்டித் தோணி திரும்பி வரவில்லை. அப்பாவுக்கு அப்போது நான்கு வயது. தாத்தாவின் முகம் அவருக்கு நினைவில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவின் போட்டோவும் கிடையாது. சரக்குக்கு இன்சூரன்ஸ் இருந்ததாம். முதலாளி வீட்டிலிருந்து ஆச்சிக்கு 500 ரூபாயும் ஒரு மூட்டை அரிசியும் வந்ததாம். முதலாளியைக் குறை சொல்லவில்லை. தோணி போனதில் அவரும் நொடித்துப்போனார் என்று ஆச்சியே சொல்லும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, அது ஒரு கதையாகிவிட்டது. கதையில் செத்தவருக்காக யாரும் அழுவதில்லை.

நான் படிக்கிற பாடத்தில் ஒரு பக்கம் முழுக்க என் தாத்தாவைப் பற்றித்தான் இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது. அதில் அவர் மட்டும் இல்லை.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் தெரிந்திருக்கும், அன்றைக்குக் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் பூவும்தான். தாத்தாவுக்குக் கல்லறை இல்லை. உடம்பு கிடைக்கவே இல்லையே. அதனால் ஆச்சி ஒவ்வொரு வருஷமும் தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றும். கடலில் போனவர்களுக்கு எல்லாம் அதுதான் இடம். பூசையில் வாசிக்கச் சொல்லி, இறந்தவர்கள் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காணிக்கையோடு கொடுப்பார்கள். ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டதால் இந்த முறை எழுதுகிற வேலை எனக்கு வந்தது.

தாத்தா பெயரை எழுதிவிட்டுச் சீட்டை மடித்தேன்.

"எதுக்கு மடிக்க? இன்னும் இருக்குல்லா" என்றது ஆச்சி.

"வேற யாரு ஆச்சி?"

"எய்யா, அவரு மட்டுமா போனாரு? ஆறு பேருல்லா போனாங்க. எழுதிக்க."

ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒருவர் தாத்தாவின் மச்சான் முறை. ஒருவருக்கு அந்த வருஷம்தான் கல்யாணம். ஒருவன் சமையலுக்குப் போன பதினாறு வயதுப் பையன், அவனுக்கு அம்மா மட்டும்தான், அவளும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னொருவர் எங்கள் ஊரே கிடையாது, வேதமும் வேறு. "அவரு பேரைக் கோயில்ல வாசிக்கலாமா?" என்று கேட்டேன். "கடல்ல போகும்போது ஒண்ணாத்தான போனாங்க" என்று ஆச்சி சொன்னது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

"தாத்தா இருந்தா அவுக பேரை எல்லாம் சொல்லியிருப்பாரு. தண்டல் இல்லியா? ஆளுகளுக்கு அவருதான பொறுப்பு. அவரு இல்ல, அதான் நான் சொல்லுதேன்" என்றது பிறகு, நான் கேட்காமலேயே.

இருபது வருஷமாக ஆச்சியோடு கோயிலுக்குப் போகிறேன். சாமியார் பெயர்களை வேக வேகமாக வாசிப்பார். அதில் எங்கள் தாத்தா பெயர் வருகிறதா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். அதோடு அந்த ஐந்து பெயரும் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்திருக்கின்றன. நான் கவனித்ததே இல்லை.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் அந்தப் பளிங்குக் கல்லின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். குக்கின் பெயர் இருக்கிறது. அவர் கப்பலின் பெயரும் பிடித்த கப்பலின் பெயரும் இருக்கின்றன. பணம் கொடுத்த கம்பெனியின் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது. அந்த இரவில் அவரோடு செத்த ஐந்து பேரின் பெயர் இல்லை. எதிர்ப்பக்கம் செத்த 65 பேரின் பெயரும் இல்லை. அவரைத் தாங்கிப் பிடிக்கிற மாலுமியைச் சிற்பி எவ்வளவு அக்கறையாகச் செதுக்கியிருக்கிறார்! ஆனால் அவன் யாரோ. 26 வயதில், யாருடைய லாபத்துக்கோ செத்துப்போன குக்மீது எனக்குக் கோபம் இல்லை. என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். மூன்று மாதம் வலியோடு கல்கத்தாவில் படுத்துக்கிடந்தபோது அவர் வியாபாரத்தையா நினைத்திருப்பார்? கல்லில் இருப்பது அவருடைய வார்த்தைகள் இல்லை, கம்பெனியின் வார்த்தைகள்.

கம்பெனி 1874ல் கலைக்கப்பட்டது. அந்த நன்றியைச் சொன்ன வாய் இப்போது இல்லை. கல் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

செமினார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஜெனரல் ஆவரேஜை விளக்கிவிட்டு, இதில் உயிர்கள் கணக்கில் வராது என்று சொன்னபோது, பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்ப அதை யாரு சார் பங்கு போட்டுக்குவாங்க?" என்று கிண்டலாகக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பாடத்தில் பதில் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். மார்க் இருபதுக்குப் பதினாறு.

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. ஆச்சிதான் பங்கு போட்டுக்கொண்டது. ஆறு பேருக்கும் சேர்த்து, ஐம்பது வருஷமாக. வகுப்பில் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அந்தச் சீட்டின் நகல் ஒன்றை எடுத்து என் புத்தகத்தில், கடல் காப்பீடு அத்தியாயத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் ஆச்சி சொல்லித்தான் எழுத வேண்டும் என்பதில்லை.